கூடம் கோணல்தான்

என் கைப்பேசிக்குள் ஒரு ரயில் சந்திப்பு இருக்கிறது. அங்கே அதிகாரமெல்லாம் கம்பெனிக்கு, பொறுப்பெல்லாம் எனக்கு.

ஆட்டம் எளிது. சிவப்பு வண்டி சிவப்பு நிலையத்துக்குப் போக வேண்டும், நீல வண்டி நீல நிலையத்துக்கு. தண்டவாளம் பிரியும் இடங்களில் பாயின்ட் இருக்கிறது. விரலால் தட்டினால் இந்தப் பக்கம் பார்த்திருந்த பாயின்ட் அந்தப் பக்கம் திரும்பும். ஆரம்பக் கட்டங்களைப் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூட முடித்துவிடும். பிறகு வண்டிகள் வேகம் பிடிக்கின்றன. நாலு திசையிலிருந்தும் வருகின்றன. பாயின்ட்டுகள் பெருகுகின்றன, பெருகப் பெருகச் சிறுக்கின்றன, ஏனென்றால் திரை பெருகுவதில்லை. விரலும் இளைப்பதில்லை.

தட்டுகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. வண்டி நெருங்குகிறது. மறுபடி தட்டுகிறேன். இரண்டு தட்டும் இப்போது சேர்ந்து பதிகின்றன: பாயின்ட் போய்த் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நிற்கிறது. மோதல். புகை, தீ, வேடிக்கையான வெடிச்சத்தம். பிறகு ஒரு பலகை இறங்குகிறது: 'அடடா! கவனம் போதவில்லை. மீண்டும் முயலுங்கள்!' ஆச்சரியக்குறிக்குப் பக்கத்தில் ஒரு பொம்மை ஸ்டேஷன் மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

கவனம் போதவில்லையாம். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவனைப் பார்த்து, தட்டியதைக் கவனிக்காத திரை சொல்கிறது.

இதை வெளியே சொன்னால் என்ன பதில் வரும் என்று தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தம்பி மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். பாடப் புத்தகத்தில் ஒரு பழமொழி நினைவில்லை, இது மட்டும் தயாராக இருந்தது. "உங்களுக்கு ரிஃப்ளெக்ஸ் போயிடுச்சு பெரியப்பா" என்று பொழிப்புரையும் தந்தான்.

இந்தப் பழமொழி மேல் எனக்கு நெடுநாள் கோபம். அந்தப் பெண் சொன்னதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா? ரசமட்டம் வைத்தார்களா? நூல் பிடித்தார்களா? கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டார்களா? தரை போட்டவன் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஆடியவள் மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பழமொழிக்குள் அகப்பட்டுக் கிடக்கிறாள். அவளுக்காக இன்று ரசமட்டத்தை எடுத்திருக்கிறேன்.

ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு கூகுள் எழுதிவைத்திருக்கும் வழிகாட்டி, தொடுவதற்கான எந்தப் பொத்தானும் 48 டிபி அளவுக்குக் குறையக் கூடாது என்கிறது. கண்ணாடியின் மேல் அது சுமார் 9 மில்லிமீட்டர். ஆப்பிளின் கணக்கு 44 புள்ளி. இதெல்லாம் ரகசியச் சுற்றறிக்கை இல்லை. எவரும் இலவசமாகப் படிக்கலாம். அதற்கும் வெகுகாலம் முன்பு, 1954இல், பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சூத்திரம் கண்டார்: இலக்கு சிறுக்கச் சிறுக்க, தொலைவு கூடக் கூட, கை அதை எட்டுவதற்கு ஆகும் நேரமும் கூடும். என் விளையாட்டைச் செய்தவர்கள் இந்தச் சூத்திரத்தைக் கட்டாயம் படித்திருக்க வேண்டும். படிக்காமல் ஒருவர் இவ்வளவு துல்லியமாக அதற்கு எதிராகச் செய்ய முடியாது. நேரம் குறையும்போது இலக்கைச் சிறுக்க வைக்கிறார்கள்; மிக அவசரமான பாயின்ட்டை, விரல் இப்போது இருக்கும் இடத்துக்கு எதிர்மூலையில் வைக்கிறார்கள்.

பாயின்ட்டைத் தொட்டால் விரலே அதை மறைத்துவிடுகிறது. திரும்பியதா என்று பார்க்க விரலை எடுக்க வேண்டும். எடுத்தால்தான் தொட்டதாகவே கணக்கு, ஏனென்றால் இந்த மகானுபாவர்கள் அழுத்தும் கணத்தை எண்ணவில்லை, விடும் கணத்தை எண்ணுகிறார்கள். விடும்போது விரல் ஒரு மயிரிழை நகர்ந்தால் அது தட்டு இல்லை, இழுப்பு. வரைபடம் முழுவதும் ஒரு பக்கமாக வழுக்கிப் போய்விடும். இன்னொரு விரலும் தெரியாமல் பட்டுவிட்டால் 'பெரிதாக்கு' என்று பொருள். சந்திப்பு முழுவதும் மறைந்து ஒரே ஒரு தண்டவாளக் கட்டை திரை நிறையத் தெரியும். அழகான கட்டைதான். மரத்தின் வரிகள்கூடத் தெரியும்படி வரைந்திருக்கிறார்கள். அந்த ஓவியருக்குக் கொடுத்த சம்பளத்தில் பாதியை விரலைப் பற்றி யோசிக்கிற ஒருவருக்குக் கொடுத்திருக்கலாம். மே மாதத்துச் சென்னையில் விரல் நுனியில் வியர்வை துளிர்த்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். தொடுதிரை மின்னேற்றத்தை வைத்து விரலை உணர்வது. ஈரம் பட்டால் அதுவும் குழம்பும். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து செய்தவர்களுக்கு வெயில் ஒரு வதந்தி.

இத்தனையையும் மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது ஒன்று: ஒரே பொத்தானால் போகவும் வரவும் செய்யும் அந்தத் தட்டு. தட்டினால் மாறும் என்றால், எதிலிருந்து எதற்கு மாறும் என்பது தட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாயின்ட்டும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கடுகளவு அம்புக்குறியில் படித்து, நினைவில் வைத்து, தட்டிய பிறகு அந்த நினைவைத் திருத்தி, தட்டு பதியாவிட்டால் திருத்தியதைத் திருப்பித் திருத்தி... இதன் பெயர் விளையாட்டு இல்லை. கணக்குப்பிள்ளை உத்தியோகம்.

நிஜ ரயில்வேக்காரர்கள் இந்தக் கூத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே ஒழித்துக்கட்டிவிட்டார்கள். பழைய சிக்னல் கேபின்களில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வரிசையாக இரும்பு லீவர்கள். பின்னே நின்றால் ஒரு நிலை, முன்னே இழுத்திருந்தால் மறு நிலை. நடுவில் பேச்சே இல்லை. எந்தப் பாயின்ட் எப்படி இருக்கிறது என்று எவரும் நினைவில் சுமக்க வேண்டியதில்லை. லீவர் நிற்கும் நிலையே விடை. கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவினாலும் தெரியும். பிரிட்டிஷ் வழக்கப்படி நிறுத்து சிக்னலுக்குச் சிவப்பு, தூரத்துச் சிக்னலுக்கு மஞ்சள், பாயின்ட்டுக்குக் கறுப்பு, பாயின்ட்டின் பூட்டுக்கு நீலம், வேலையில்லாமல் சும்மா நிற்கும் லீவருக்கு வெள்ளை. கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு இழுப்பார்கள். வியர்வைக் கை மெருகேறிய பிடியில் துருவை ஏற்றிவிடும் என்பதற்காக அந்தத் துணி. பார்த்தீர்களா, விரலில் வியர்க்கும் என்பது அந்தக் காலத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் லீவர்களுக்கு அடியில் இருந்தது. 1856இல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்ற தச்சுத்தொழில் தெரிந்த ரயில்வே ஆள், பாயின்ட்டையும் சிக்னலையும் சேர்த்து இயக்கும் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வழியில் வளர்ந்ததுதான் இன்டர்லாக்கிங். பாயின்ட் சரியான பக்கம் திரும்பிப் பூட்டப்படாவிட்டால் சிக்னல் லீவர் அசையாது. பயில்வான் வந்து தொங்கினாலும் அசையாது. அதாவது, கேபினில் நிற்பவர் தவறு செய்வார் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, அந்தத் தவறு தண்டவாளம் வரை போய்ச் சேராதபடி இரும்பில் தடுப்புப் போட்டார்கள். மனிதனைத் திட்டி வேலையில்லை, இயந்திரத்தைத் திருத்து என்பதே அந்த இரும்பு சொன்ன செய்தி.

பிறகு வந்த மின்சாரப் பேனல்களும் அந்தப் பண்பை விடவில்லை. நம் ஊர்ப் பெரிய நிலையங்களின் ரிலே பேனல்களில் ஒரு வழித்தடத்தைப் போட வேண்டுமானால் ஒரே பொத்தானைத் தெரியாமல் இடித்தால் போதாது. சிக்னலுக்கான பொத்தான் ஒன்று, வழித்தடத்துக்கான பொத்தான் ஒன்று, இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். போட்ட வழியை அவசரமாக ரத்து செய்தால் 120 விநாடி காத்திருக்க வைக்கும். ரத்து செய்ததை ஓர் எண்ணி எண்ணிக்கொள்ளும். அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிக் காரணமும் சொல்ல வேண்டும். வண்டி பாயின்ட்டின் மேல் நிற்கும்போது அந்தப் பாயின்ட் திரும்பவே திரும்பாது. என் விளையாட்டில் தாராளமாகத் திரும்பும். இஞ்சின் சிவப்பு நிலையத்தை நோக்கிப் போகும், கடைசி மூன்று பெட்டி நீல நிலையத்தைப் பார்க்கப் போகும். பொம்மை ஸ்டேஷன் மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

விளையாட்டுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் கலை எங்கே பிறந்தது என்று பார்த்தால் கோபம் இரட்டிப்பாகிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் 1946இல் தொடங்கிய ஒரு மாணவர் சங்கம் உண்டு: டெக் மாடல் ரயில்ரோடு கிளப். மேலே ஓடுவது பொம்மை ரயில். பலகைக்கு அடியில், தொலைபேசி நிலையங்களின் ரிலேக்களை வைத்து அவர்கள் கட்டிய தடம் மாற்றும் அமைப்பு. பாயின்ட் போடுவதையே தவமாகச் செய்த கூட்டம் அது. அந்தக் கூட்டத்துப் பிள்ளைகள்தான் கல்லூரிக்கு வந்த பிடிபி-1 கணினியில் போய் விழுந்தார்கள். 1962இல் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் அதில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதி முடித்தார்கள். இரண்டு விண்கலங்கள், ஒன்றையொன்று சுட வேண்டும். இயக்குவதற்குக் கணினியின் முகப்பிலேயே இருந்த சின்னச் சுவிட்சுகள். ஆடியவர்களுக்கு முழங்கை வலித்தது. திரை ஒரு பக்கமாக இருந்ததால் ஒருவருக்குச் சாதகம், மற்றவருக்குப் பாதகம். சண்டை மும்முரத்தில் கை தவறிப் பக்கத்துச் சுவிட்சில் பட்டுவிடும்.

அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? 'கவனம் போதவில்லை' என்று பலகை மாட்டினார்களா? ஆலன் கோடோக், பாப் சாண்டர்ஸ் என்ற இரண்டு கிளப் உறுப்பினர்கள் நேராக ரயில் அறைக்குப் போனார்கள். கிடந்த சாமான்களைப் பொறுக்கினார்கள். கையில் அடங்கும் இரண்டு பெட்டிகள் செய்து, ஆளுக்கொன்றாக வயர் இழுத்துக் கொடுத்தார்கள். இன்று குழந்தைகள் கையில் இருக்கும் கேம் கன்ட்ரோலர்களுக்கெல்லாம் முன்னோடி அந்தப் பெட்டி. கூலி ஒரு டாலர்கூட இல்லை, விற்கவும் இல்லை. ஆடுபவனுக்கு முழங்கை வலித்தால் அது ஆட்டத்தின் குறை என்பது, பொம்மை ரயிலுக்குப் பாயின்ட் போட்டுப் பழகிய பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்தது. அறுபது ஆண்டு கழித்து, பாயின்ட் போடுவதையே விளையாட்டாக விற்கிறவர்களுக்குப் புரியவில்லை.

புரியவில்லை என்று சொல்வதுகூட அவர்களுக்கு நான் கொடுக்கும் மரியாதை. நல்ல விளையாட்டுகள் ஆடுபவனுக்காகப் பொய்கூடச் சொல்லும். 2018இல் வந்த 'செலஸ்ட்' என்ற மலையேறும் விளையாட்டு கடினத்துக்குப் பேர்போனது. அதில் பாறை விளிம்பைக் கால் தாண்டிவிட்ட பிறகும் ஒரு சிறு கணத்துக்குக் குதிக்க விடுவார்கள். தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்பே குதிக்கும் பொத்தானை அழுத்திவிட்டால், அதை ஞாபகம் வைத்திருந்து தரை தொட்டதும் குதிக்க வைப்பார்கள். ஆடுபவனுக்கு இது தெரியவே தெரியாது; தன் திறமை என்று நினைத்துக்கொள்வான். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். கடினம் வேறு, கெடுபிடி வேறு. மலை செங்குத்தாக இருக்கலாம். ஏறுகிறவன் காலை யாரும் பிடித்து இழுக்கக் கூடாது.

இப்போது என் வழக்கின் முக்கியச் சாட்சியை அழைக்கிறேன். விளம்பரம்.

மோதல் நடந்ததும் பலகையோடு இரண்டு வழி கிடைக்கும். கட்டத்தை ஆரம்பத்திலிருந்து ஆடலாம். அல்லது ஒரு விளம்பரம் பார்த்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விளம்பரம் அரை நிமிடம் ஓடும். யாரோ ஒரு ராஜா எரிமலைக் குழம்பில் விழப்போகிறார், காப்பாற்று என்கிறார்கள். அல்லது இன்றே கடன், ஆதார் மட்டும் போதும் என்கிறார்கள். முடிந்ததும் மூலையில் ஒரு பெருக்கல்குறி தோன்றும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல். பாயின்ட்டைவிடச் சிறியது. அதைக் குறிவைத்துத் தட்டினால் பக்கத்தில் இருக்கும் 'பதிவிறக்கு' திறந்துகொள்ளும். எப்படித் திறக்கும்? அழுத்திய கணமே திறக்கும். விரலை எடுக்கும் வரை காத்திராது. ஒரு மயிரிழை நகர்ந்தால் இழுப்பு என்று தகராறு பண்ணாது. வியர்வையைப் பொருட்படுத்தாது. ஒரு சாண் தள்ளித் தட்டினாலும் வா ராசா என்று அணைத்துக்கொள்ளும்.

அதே திரை. அதே விரல். அதே வெயில். கம்பெனிக்குக் காசு வரும் இடத்தில் தொடுதல் தப்பாமல் பதிகிறது. எனக்குப் புள்ளி வரும் இடத்தில் பதிவதில்லை. தொழில்நுட்பக் குறை என்றால் இரண்டு இடத்திலும் இருக்க வேண்டாமா? ஆட்டம் தோற்றால்தான் விளம்பரம்; விளம்பரம் ஓடினால்தான் வருமானம். நான் ஒழுங்காகப் பாயின்ட் போட்டு எல்லா வண்டியையும் ஊர் சேர்த்துவிட்டால் இவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. விபத்தில் பிழைப்பு நடத்தும் ரயில்வே இது ஒன்றுதான். அத்தோடு நிற்கவில்லை: கடைப் பகுதியில் 'கூர் விரல்' என்று ஒரு சரக்கு விற்கிறார்கள். காசு கொடுத்தால் பாயின்ட்டுகளின் தொடு எல்லை பெரிதாகுமாம். அப்படியானால் பெரிதாக்க அவர்களுக்குத் தெரியும்! கோணலான கூடத்தைக் கட்டிவிட்டு, சமதளத்தை அடிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள்.

இதைத்தான் 'கவனம் போதவில்லை' என்ற பலகை மூடி மறைக்கிறது. குற்றத்தை ஆடுபவன் தலையில் கட்டிவிட்டால் அவன் கருவியைச் சந்தேகிக்க மாட்டான். தன் விரலைச் சந்தேகிப்பான். மறுபடி முயல்வான். மறுபடி விளம்பரம் பார்ப்பான். தம்பி மகனுக்கு விரலில் வேகம் இருக்கிறது. ஆனால் அவனும் தோற்கும்போது "ச்சே, நான்தான் சொதப்பிட்டேன்" என்கிறான். அதைக் கேட்கும்போது எனக்கு வரும் ஆத்திரம், நான் தோற்கும்போதுகூட வருவதில்லை. பதினேழு வயதுப் பையனுக்கு இந்த வயதிலேயே, கருவி பழுதானால் தன்னைத் திட்டிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தாயிற்று. நாளை வேலைக்குப் போனால் முதலாளிகளுக்கு எவ்வளவு வசதி!

இந்தப் பலகை புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க பி-17 விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு திடீரென்று வயிற்றால் படுத்தன. விமானி இறக்கைமடலை மடக்குவதற்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிட்டார். விமானியின் தவறு என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அல்ஃபோன்ஸ் சாபனிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானியின் இருக்கைக்குப் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் ஒரே அச்சில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சக்கரத்துக்கான பிடியில் ஒரு சின்ன ரப்பர்ச் சக்கரத்தையும் மடலுக்கான பிடியில் ஆப்பு வடிவத்தையும் ஒட்டச் சொன்னார். தொட்ட கைக்கே வித்தியாசம் தெரிந்தது. அந்தத் தவறு நின்றது. மேலே சொன்ன அதே பால் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1947இல் 'விமானியின் தவறு' என்று பெயரிடப்பட்ட 460 அனுபவங்களை ஆராய்ந்து, அவற்றில் பெரும்பகுதி கருவியை வடிவமைத்த விதத்தில் இருக்கிறது என்று காட்டினார். 1947! ஆனாலும் அந்தப் பலகையை இறக்க இன்னும் யாருக்கும் மனமில்லை. அதுதான் எவ்வளவு மலிவு!

நிஜ ரயிலிலும் அந்தப் பலகை தயாராக இருக்கிறது. 2024 ஜூன் 17 காலை, அகர்தலாவிலிருந்து சியால்டா நோக்கி வந்த காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மேற்கு வங்கத்தின் ரங்கபாணிக்கு அருகே நின்றிருந்தபோது, பின்னால் வந்த கூட்ஸ் வண்டி மோதியது. கூட்ஸின் லோகோ பைலட் உள்படப் 10 பேர் இறந்தார்கள். அன்றே ரயில்வே வாரியத் தலைவர் ஊடகங்களிடம் சொன்னார்: கூட்ஸ் ஓட்டியவர் சிக்னலை மதிக்கவில்லை. இறந்தவர் எழுந்து வந்து மறுக்க முடியாது என்பது இந்த வகைத் தீர்ப்புகளின் பெரிய வசதி.

பிறகு ஒரு தாள் வெளியே வந்தது. அந்தப் பகுதியில் தானியங்கி சிக்னல்கள் விடியற்காலை 5.50 மணியிலிருந்தே பழுது. சிவப்பாக எரியும் சிக்னல்களைத் தாண்டிப் போகலாம் என்று டி/ஏ 912 என்ற படிவத்தில் எழுதி, ரங்கபாணி ஸ்டேஷன் மாஸ்டர் தரப்பிலிருந்து அந்த லோகோ பைலட்டின் கையிலேயே கொடுத்திருந்தார்கள். தாண்டு என்று தாள் கொடுத்துவிட்டு, தாண்டினான் என்று குற்றம். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை இன்னும் மேலே போனது: கொடுத்த படிவமே தவறானது, என்ன வேகத்தில் போக வேண்டும் என்று அதில் இல்லை, தானியங்கி சிக்னல் பகுதியில் எப்படி ஓட்டுவது, எப்படி ஓட்ட வைப்பது என்று லோகோ பைலட்டுகளுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும் போதிய பயிற்சி இல்லை, பல மட்டங்களில் இருந்த குறைகளால் இப்படி ஒரு விபத்து நேரக் காத்திருந்தது. அன்று காலை அதே படிவத்தோடு வேறு வண்டிகளும் போயின. அவற்றை ஓட்டியவர்களும் விதியை ஆளுக்கொரு விதமாகத்தான் புரிந்துகொண்டிருந்தார்கள். மோதாததால் அவர்கள் பேர் பலகையில் வரவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2023 ஜூன் 2 மாலை, ஒடிசாவின் பஹானகா பஜாரில் நடந்ததைச் சென்னைக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இங்கே வந்துகொண்டிருந்த வண்டி. சிக்னல் மெயின் லைனுக்குப் பச்சை காட்டியது. பாயின்ட் லூப் லைனைப் பார்த்துக்கொண்டிருந்தது. 296 பேர் இறந்தார்கள். பாயின்ட் சரியில்லாவிட்டால் பச்சை விழாது என்று சாக்ஸ்பி காலத்திலிருந்து இரும்பு கொடுத்து வந்த வாக்குறுதியை, சிக்னல் பெட்டிக்குள் மாற்றிக் கொடுக்கப்பட்ட வயர் உடைத்தது. ஓட்டியவர் சிக்னலில் பார்த்தது ஒன்று, தரையில் இருந்தது வேறு. இதில் எரிச்சலூட்டும் பக்கம் ஒன்று உண்டு: அதே தென்கிழக்கு ரயில்வேயில், பாங்க்ரநயாபாஜ் நிலையத்தில், 2022 மே 16 அன்று தவறான வயரிங்கால் இதே மாதிரி நடந்திருக்கிறது. அப்போதே திருத்தியிருந்தால் பஹானகா நடந்திருக்காது என்று விசாரணை அறிக்கையே எழுதியிருக்கிறது. சிபிஐ மூன்று ஊழியர்களைக் கைது செய்தது. 2022 மே மாதத்து எச்சரிக்கையை மேலே எந்த மேசையில் எந்தக் கோப்புக்கு அடியில் வைத்திருந்தார்கள் என்று யாரையும் கைது செய்ததாகத் தெரியவில்லை.

விளையாட்டையும் மரணத்தையும் ஒரே தராசில் வைக்கிறாயே என்று சிலர் முகம் சுளிக்கலாம். வைக்கவில்லை. என் கைப்பேசியில் செத்தவை பொம்மைகள். நான் இழந்தது கொஞ்சம் பொழுதும் கொஞ்சம் ரத்த அழுத்தமும். ஆனால் பலகையில் எழுதியிருக்கும் வாசகம் ஒன்றுதான். கடைசியாகக் கை வைத்தவன் எவனோ அவன்தான் குற்றவாளி. அந்தக் கையில் கருவியைக் கொடுத்தவர்கள் எல்லோரும் பார்வையாளர்கள். பொழுதுபோக்கில் பழகிவிட்டால் செய்தித்தாளிலும் அது இயல்பாகிவிடுகிறது.

'வெறும் விளையாட்டு' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெறும் விளையாட்டு என்றால் வெறும் விளையாட்டாகவே இருக்கட்டும். என் ஊர், என் வயது, நான் எத்தனை மணிக்குத் தூங்குகிறேன் என்ற தகவல்களைக் கேட்டு வாங்காமல் இருக்கட்டும். அனுமதி கேட்கும்போது மட்டும் பெரிய மனுஷன், புகார் வரும்போது குழந்தை விளையாட்டா?

ஆகவே, பாயின்ட் போடும் விளையாட்டைச் செய்து விற்கும் கனவான்களே, உங்களிடம் இரக்கம் கேட்கவில்லை, வேலையைக் கேட்கிறேன். தட்டிய கணத்தில் பதியுங்கள். பாயின்ட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது விரலுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கட்டும். ஒரே பொத்தானை இரண்டு வேலைக்கு வைக்காதீர்கள். வலப்பக்கம் இழுத்தால் வலம், இடப்பக்கம் இழுத்தால் இடம் என்று லீவர் மாதிரி வையுங்கள், எத்தனை முறை இழுத்தாலும் அதே பலன்தான் வர வேண்டும். வண்டி மேலே இருக்கும்போது பாயின்ட் திரும்பக் கூடாது. 'கூர் விரல்' வியாபாரத்தை நிறுத்துங்கள். வண்டிகளை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் விடுங்கள், நாங்கள் தோற்கத் தயார். ஆனால் வண்டியிடம் தோற்கிறோம், உங்கள் பொத்தானிடம் இல்லை.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி வேண்டும், கால அவகாசம் வேண்டும் என்று சொல்லாதீர்கள். 1889 ஜூனில் அயர்லாந்தின் அர்மா அருகே சுற்றுலா ரயில் விபத்தில் 80 பேர் இறந்தார்கள், குழந்தைகள் நிறைந்த வண்டி அது. பாயின்ட்டையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பூட்டாமல் பயணிகள் ரயில் ஓட்டக் கூடாது என்று பிரிட்டன் சட்டம் கொண்டுவந்தது அதே ஆண்டில்.